தனுஷ்கோடி ஆவணப்படம்: படப்பிடிப்புக்கு முன் ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது, எந்த எண்ணை நம்புவது?

#1 – தெற்குக்கரை

அனைவருக்கும் வணக்கம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி 40 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுக்க நாங்கள் மூன்று நண்பர்கள் முடிவு செய்திருக்கிறோம். பணம் தர இசைந்திருப்பவர் முதலில் ஒரு திட்ட அறிக்கை கேட்கிறார்; தகவலை எப்படித் திரட்டுவோம், எப்படிச் சரிபார்ப்போம் என்பதை அதில் தனிப் பகுதியாக எழுத வேண்டும் என்கிறார். இதுவரை இணையத்தில் கிடைத்த கட்டுரைகளையும் காணொளிகளையும் பார்த்து 18 பக்கக் குறிப்பு எடுத்திருக்கிறோம்.

அந்தக் குறிப்பைத் திரும்பப் படித்தபோதுதான் கலக்கம் வந்தது. புயல் இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டு அலையில் மூழ்கிய 653 எண் பாசஞ்சர் ரயிலில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்தார்கள் என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் 200 பேர் இருக்கும் என்று வேறு சில சொல்கின்றன. மொத்த உயிரிழப்பு 1,800 என்ற எண் எல்லா இடத்திலும் வருகிறது; அதை எண்ணியவர் யார் என்று ஒருவரும் எழுதவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் நாங்கள் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

#2 – பழைய ஒளிநாடா

தம்பி, படமெடுக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பட்ஜெட் கணக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். நீங்கள் ஓர் எண்ணைப் பார்த்துக் கலங்கியிருக்கிறீர்கள், அதுவே நல்ல தொடக்கம். நான் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பில் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன்.

ஊடகவியல் வகுப்புகளில் ஆராய்ச்சியை மூன்றாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள்: படத்தில் என்ன சொல்லப் போகிறோம் என்பதற்கான உள்ளடக்க ஆராய்ச்சி, யாருக்குச் சொல்லப் போகிறோம் என்பதற்கான பார்வையாளர் ஆராய்ச்சி, எங்கே, எவ்வளவு செலவில், எந்த அனுமதியோடு எடுக்கப் போகிறோம் என்பதற்கான தயாரிப்பு ஆராய்ச்சி. உங்கள் அறிக்கைக்கு இந்தப் பிரிவு உதவும். வேலை செய்யும்போது மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒரு முதியவர் அந்தக் காலைப் பொழுதில் மணல்மேட்டில் நின்று பார்த்ததைச் சொல்வார். அந்த மணல்மேடு இன்று இருக்கிறதா என்று தேடிப் போகும்போது உள்ளடக்கம் லொகேஷன் வேலையாகிவிடும்.

நேரில் அறிந்தவரிடமிருந்தோ அன்றைய ஆவணத்திலிருந்தோ வருவது முதன்மைச் சான்று, அதைப் பார்த்துப் பிறர் எழுதியது இரண்டாம் நிலைச் சான்று என்ற பிரிவைத்தான் நீங்கள் இப்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உங்கள் 18 பக்கமும் இரண்டாம் நிலை. பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாக இருக்கக்கூடும். பத்துக் கட்டுரைகளில் 115 என்று இருந்தாலும், பத்தும் ஒரே மூலத்திலிருந்து எடுத்திருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சிதான். ஆகவே ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: இதைச் சொன்னவர் இதை அறியக்கூடிய இடத்தில் இருந்தாரா? அலையில் மூழ்கிய ரயிலுக்குள் யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. அப்படியானால் 110 என்பது விற்ற டிக்கெட்டின் கணக்கா, நிலைய ஊழியரின் மதிப்பீடா, மறுநாள் செய்தியாளர் கேட்டு எழுதியதா? இந்தக் கேள்வியோடு அலுவலகப் படியேறினால் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

#3 – நூலடுக்கு

ஆவணங்களின் பக்கத்தை நான் சொல்கிறேன், நூலகத்தில் பணியாற்றுகிறவள்.

சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகம் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடெங்கும் வெளியாகும் நூல்களையும் நாளிதழ்களையும் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. டிசம்பர் 23 முதல் ஜனவரி இறுதி வரை வெளிவந்த இதழ்களை நாள் விடாமல் பாருங்கள். முதல் நாள் செய்தியில் இருக்கும் எண்ணும் பத்தாம் நாள் செய்தியில் இருக்கும் எண்ணும் வேறாகத்தான் இருக்கும். எண் எப்படி வளர்ந்தது என்பதை ஒரு தாளில் தேதி வாரியாக எழுதினால் அதுவே ஒரு சான்றாகும். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களையும், எழும்பூரிலேயே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளையும் தேடலாம். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இராமநாதபுரம் மாவட்டக் கையேட்டைத் தவறவிடாதீர்கள். புயலுக்கு மூன்று ஆண்டு முன்பு அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாமல், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணை எடைபோட முடியாது. டெல்லியில் 1965-இன் முதல் மாதங்களில் நடந்த கூட்டத்தொடரின் மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்நூலகத்தில் கிடைக்கின்றன. ரயிலைப் பற்றி உறுப்பினர் எவரேனும் கேட்டிருந்தால் அமைச்சரின் பதில் அச்சில் இருக்கும்.

ரயில் தொடர்பாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள் அதை ரயில்வே அமைச்சகத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். கடும் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அங்கும் தனியாக ஒரு மனு அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலளிக்க வேண்டிய கெடு 30 நாள். அந்த 30 நாளை உங்கள் கால அட்டவணையில் இப்போதே குறித்துவிடுங்கள்.

#4 – எண்ணும் எழுத்தும்

பார்வையாளர் ஆராய்ச்சியைப் பற்றிச் சிறிது. இப்படிப்பட்ட சிறு குழுக்கள் வழக்கமாகச் செய்வது, நண்பர்களுக்குக் கூகுள் படிவம் அனுப்பி "இந்தப் படத்தைப் பார்ப்பீர்களா?" என்று கேட்பது. 40 பேர் பதில் சொல்வார்கள். 80 சதவீதம் பேர் ஆம் என்பார்கள். அது திட்ட அறிக்கையில் வட்ட வரைபடமாக ஏறும். முறையான குலுக்கலில் தேர்ந்தெடுத்த 40 பேரிடம் கேட்டாலே விடை 15 சதவீதப் புள்ளி வரை மேலேயோ கீழேயோ பிசகலாம். 400 பேர் என்றால் பிசகு 5 அளவுக்குக் குறையும். நண்பர் வட்டத்தில் கேட்டதற்கோ இந்தக் கணக்கே பொருந்தாது, ஏனெனில் அவர்கள் குலுக்கலில் வந்தவர்கள் அல்லர். எத்தனை பேரைச் சேர்த்தாலும் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும்.

தொலைக்காட்சிக்கு, பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் பார்க் (BARC) அமைப்பு அரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் பொருத்திக் கணக்கிடுகிறது. உங்களுக்கு அந்த வசதி இல்லை, தேவையும் இல்லை. எட்டுப் பேர் கொண்ட இரண்டு குழுக்களை உட்கார வைத்துப் பேசுங்கள்: ஒன்று இராமேசுவரம் தீவைச் சேர்ந்த இளைஞர்கள், மற்றொன்று தனுஷ்கோடியைச் சுற்றுலாவாக மட்டுமே அறிந்த வெளியூர்க்காரர்கள். தனுஷ்கோடி என்றதும் நினைவுக்கு வருவது என்ன, எதை ஏற்கெனவே தெரியும் என்று எண்ணுகிறார்கள், எந்த இடத்தில் கேள்வி எழுகிறது என்று கேளுங்கள். இது பண்புசார் ஆராய்ச்சி; இதிலிருந்து சதவீதம் எடுக்கக் கூடாது. படத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் எதை விளக்க வேண்டும், எதை விளக்க வேண்டியதில்லை என்பதை இது சொல்லும்.

#5 – பழைய ஒளிநாடா

நண்பர் சொன்னதற்கு நம் நாட்டிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற சைட் திட்டத்தில், நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதற்கு முன்பே சமூக ஆய்வாளர்கள் கிராமங்களுக்குப் போய் மக்களின் தேவைகளையும் பழக்கங்களையும் கேட்டறிந்து தயாரிப்பாளர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒளிபரப்பிய பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவது ஒன்று. எழுதுவதற்கு முன்பே பார்க்கப் போகிறவரைத் தெரிந்துகொள்வது வேறொன்று. இரண்டாவதை நம் தொழிலில் மறந்துவிட்டோம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

#6 – வடமராட்சியான்

தெற்குக்கரை அவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். அந்தப் புயல் எங்கள் பக்கத்தையும் தாக்கியது. வவுனியாவைக் கடந்துதான் பாக் நீரிணைக்கு வந்தது. ஆனால் தமிழகத்தில் எடுக்கப்படும் காணொளிகளில் கதை தனுஷ்கோடிக் கரையோடு முடிந்துவிடுகிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த காலத்திலிருந்து அந்த ஊர் வாழ்ந்ததே இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்குப் போன கப்பலால்தான். சென்னையிலிருந்து வந்த போட் மெயில், கப்பல், மறுகரையில் கொழும்பு ரயில் என்று அது ஒரே பாதை. அதன் ஒரு முனையை மட்டும் ஆராய்ந்தால் பாதி ஆராய்ச்சிதான்.

இலங்கைத் தமிழ் நாளிதழான வீரகேசரி 1930 முதல் வெளிவருகிறது. ஈழநாடு 1959-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. இவற்றின் 1964 டிசம்பர் இதழ்களைத் தேடுங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஈழநாடு அலுவலகமும் தீக்கு இரையானது. ஆகவே ஒரு தகவல் இன்று கிடைக்கவில்லை என்றால், அது எழுதப்படவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எழுதப்பட்டு எரிந்ததாகவும் இருக்கலாம். எஞ்சியவற்றில் பலவற்றை 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30-இல்தான், இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத்திலிருந்து ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் பின்னர் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கினார்கள். முதியவர்களிடம் பேசும்போது "கப்பல்", "முகாம்", "கூட்டம்" என்ற சொற்கள் வரும். அவை புயல் நாளைச் சேர்ந்தவையா, அதற்குப் பல ஆண்டு பின்னால் நடந்தவையா என்று மெதுவாகக் கேட்டுப் பிரித்தறிய வேண்டும்.

#7 – மணல்திட்டு

நான் பாம்பன் பக்கத்தவன். படப்பிடிப்புக் குழுக்களுக்கு உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்து கொடுத்திருக்கிறேன். ரெக்கிக்கு, அதாவது முன்கூட்டி இடம் பார்க்க, ஒரு நாள் வந்து, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். 2017-இல் சாலை திறந்த பிறகு பகல் முழுவதும் சுற்றுலாக் கூட்டம் இருக்கிறது. விடியலில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை என்று ஒரே இடத்தை மூன்று வேளையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் வேலை நாள் ஒன்றும் இருக்க வேண்டும்.

காற்றைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வோம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும், பெண் கடல் அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் அது மாறிவிடும். தேவாலய இடிபாட்டின் அருகில் ஒருவரை நிறுத்திப் பேட்டி எடுக்க வேண்டுமானால், அந்த மாதத்தில் அந்த இடத்தில் மைக்கை வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சென்ற ஆண்டு வந்த ஒரு குழு நல்ல பேட்டிகள் ஏழை எடுத்தது. ஊர் திரும்பிக் கேட்டபோது ஏழிலும் காற்றின் இரைச்சலைத் தவிர ஒன்றும் தெளிவாக இல்லை. அந்த ஏழு பேரில் இருவர் இப்போது உயிரோடு இல்லை.

டிரோன் பறக்கவிட எண்ணியிருந்தால், 2021 டிரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது, கடல் எல்லையும் அருகில் இருக்கிறது. அனுமதி கிடைக்கும் என்று எண்ணிக் காட்சிகளை எழுதிவிடாதீர்கள்.

#8 – தெற்குக்கரை

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் உள்ளன. அக்கால நாளிதழ்ப் புகைப்படங்களுக்கு 60 ஆண்டு கழிந்துவிட்டதால் உரிமை கேட்காமல் பயன்படுத்தலாம் என்கிறார் எங்கள் எடிட்டர், அது சரியா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் மீனவர்கள் கரையில் இருப்பார்கள் என்று திட்டமிட்டிருக்கிறோம், அது சரியா?

#9 – நூலடுக்கு

முதல் கேள்விக்குப் பதில்: சரியில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படத்துக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்று ஒரு பிரிவு இருந்தது. 2012 திருத்தத்தில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். அதன்பின் புகைப்படமும் மற்றக் கலைப்படைப்புகளைப் போலவே, எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும் என்ற கணக்கில் வருகிறது. திரைப்படத்துக்கும் செய்திப்படத்துக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 என்ற பழைய கணக்கே தொடர்கிறது. 1965-இல் வெளியான செய்திச்சுருள் என்றால் உரிமைக்காலம் 2025 முடியும் வரை. உரிமைக்காலம் முடிந்தாலும், நல்ல தரமான பிரதியை வைத்திருக்கும் காப்பகம் பிரதிக்கும் உரிமத்துக்கும் கட்டணம் கேட்கலாம். எனவே ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர், வெளியான இதழ், தேதி, இன்று வைத்திருப்பவர், கேட்கப்படும் தொகை என்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். எடிட்டிங் முடிந்த பிறகு இதைத் தேடப் புறப்பட்டால், படத்தின் மிக நல்ல நிமிடங்களை வெட்ட வேண்டி வரும்.

#10 – மணல்திட்டு

இரண்டாவது கேள்விக்கு: அந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான். தனுஷ்கோடிக் கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாட்டுப்படகும் கரைவலையும் வைத்திருப்பவர்கள். தடைக்காலத்திலும் கடலுக்குப் போவார்கள். வலையிழுத்து, மீனைப் பிரித்து, உண்டு முடித்த பிற்பகல்தான் பேசுவதற்கு ஏற்ற நேரம். முதல் நாள் கேமராவைக் கொண்டுவராமல் வாருங்கள்.

#11 – பழைய ஒளிநாடா

கடைசி வரியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புயலன்று 10 வயதாக இருந்தவர் இன்று 70-ஐக் கடந்திருப்பார். அந்த இரவில் தாயையோ தம்பியையோ இழந்திருப்பார். அவரிடம் முதல் சந்திப்பிலேயே "தண்ணீர் எப்போது வந்தது, எவ்வளவு உயரம்?" என்று கேட்பது கொடுமை, அது தகவலும் தராது. ஊர் எப்படி இருந்தது, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது, கப்பல் வரும் நாளில் கடைத்தெருவில் என்ன விற்றது என்று கேளுங்கள். ஊரை மனத்தில் முழுதாக எழுப்பிக்கொண்ட பிறகு, அது அழிந்ததை அவரே சொல்ல விரும்பினால் சொல்வார். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பதிவை எங்கெல்லாம் காட்டப் போகிறீர்கள் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். படம் முடிந்ததும் அவர் பேசிய பகுதியை அவர் வீட்டிலேயே காட்டுவோம் என்று வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

#12 – தெற்குக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கேமரா இல்லாமல் இரண்டு முறை போய் ஒன்பது முதியவர்களைச் சந்தித்தோம்; குரல் பதிவு மட்டும், அதுவும் அவர்கள் இசைந்த பிறகே.

ஒருவர் மூன்று முறை "அமாவாசை இருட்டு" என்றார். ஊர் திரும்பி அந்தக் குரோதி ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்தோம். பௌர்ணமி டிசம்பர் 19; புயல் வந்த செவ்வாய்க்கிழமை தேய்பிறையின் மூன்றாம் நாள். அப்படியானால் அன்று இரவு ஒன்பது மணி வாக்கிலேயே பெரிய நிலா எழுந்திருக்க வேண்டும். முதலில் அவர் சொன்னதை நீக்கிவிடலாம் என்று நினைத்தோம். பிறகு அவரிடமே போய்ப் பஞ்சாங்கத்தைக் காட்டிக் கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மேகம்தான். கையை நீட்டுனா கை தெரியல, அது மட்டும் பொய்யில்ல" என்றார். தேதியைப் பற்றி அவருடைய நினைவு பிசகியிருந்தது. இருட்டைப் பற்றிப் பிசகவில்லை. படத்தில் அவருடைய இந்த இரண்டாவது பதிலை வைக்கப் போகிறோம்.

ரயிலைப் பற்றி ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் பிறர் சொல்லக் கேட்டவர்கள். ஆனால் அவர்களில் மூவர், தனித்தனியாகச் சந்தித்தபோது, ஒரே செய்தியைச் சொன்னார்கள்: பாம்பனிலிருந்து கடைசி வண்டியில் ஊர் திரும்பும் மீனவர்களும் கூலி வேலைக்காரர்களும் டிக்கெட் எடுக்கும் பழக்கமே இல்லாதவர்கள். 200 என்ற எண்ணை இது நிறுவாது. 110 என்பது டிக்கெட் கணக்காக இருந்தால் அதில் யார் விடுபட்டிருப்பார்கள் என்பதை இது சொல்கிறது. நாளிதழ்களில் எண் ஏறி வந்த விதத்தை நூலடுக்கு அம்மா சொன்னபடி தேதி வாரியாக எழுதி முடித்துவிட்டோம். புயலில் சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீரமைத்த பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பெயரை எல்லோரும் அறிவார்கள். அந்த வண்டியில் போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று எங்கேனும் இருக்கிறதா என்பதுதான் இப்போது எங்கள் ஆராய்ச்சியின் மையக் கேள்வி. திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் அதையே எழுதியிருக்கிறோம்.

பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பிய மனுவுக்கு இன்னும் 11 நாள் கெடு இருக்கிறது.

#13 – வடமராட்சியான்

பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். இந்தப் பக்கம் தலைமன்னாரில் அந்த இரவை நினைவில் வைத்திருக்கும் இருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒருவர் அன்று துறைமுகத்தில் சுமை தூக்கியவரின் மகன். நீங்கள் முதியவர்களிடம் கேட்ட கேள்விகளை அனுப்பினால், அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டுப் பதிவு செய்து அனுப்புகிறேன்.